ஆணா, பெண்ணா, நீங்களே சொல்லுங்க

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் அந்த அக்காவின் ஜெராக்ஸ் கடை இருந்தது. ஒரு நகல் இயந்திரம், இரண்டு கணினிகள், ஒரு நீள பெஞ்சு. வாக்காளர் அட்டை, வருமானச் சான்றிதழ், பரீட்சை விண்ணப்பம் என்று எதை நிரப்ப வேண்டுமென்றாலும் சுற்று வட்டாரத்தில் பலரும் அவரிடம்தான் வருவார்கள். எனக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின்களைப் பழுதுபார்க்கும் வேலை. கடையில் இருந்த மெஷினில் ஃபில்டர் மாற்றப் போனவன் அவருடைய அந்தக் குணத்தை முதல் நாளே பார்த்துவிட்டேன்.

பெஞ்சில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். மேசைக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர், சீருடையில். மீசையின் இரண்டு நுனிகளும் கன்னத்தில் ஏறி நின்றன. அக்கா பெயர் கேட்டார், வயது கேட்டார், தட்டச்சு செய்தார். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆணா, பெண்ணா?" என்றார்.

போலீஸ்காரர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"நானா எழுதக் கூடாதுங்க சார். நீங்களே சொல்லுங்க."

அவர் திரும்பி பெஞ்சைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்தோம். அவர் குரலைத் தாழ்த்தி, "ஆணு" என்றார்.

"கேக்கல சார்."

இரண்டாவது முறை அவர் சொன்னது சந்து முனை டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

குறும்புக்காகச் செய்கிறாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்சம் குறும்பும் இருந்திருக்கலாம். ஆனால் கைக்குழந்தையோடு வரும் தாயிடமும், குச்சி ஊன்றி வரும் தாத்தாவிடமும், வங்கி மேலாளரிடமும் அதே கேள்வியை அதே குரலில்தான் கேட்டார். ஒருமுறை ஒரு திருநங்கை ஏதோ அட்டையில் திருத்தம் செய்ய வந்தார். கேள்வி வந்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. எல்லாரையும் இப்படிக் கேப்பியா, என்னைய மட்டுமா என்று சண்டைக்கு நின்றார். அக்கா, உக்காந்து பாருங்க என்று பெஞ்சைக் காட்டினார். அவர் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்தடுத்து வந்த பதினோரு பேரும் கேள்வியை வாங்கிக்கொண்டு நெளிவதைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் சிரிப்பு தாங்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எழுந்து வந்து, "பெண்ணுன்னு போடு தாயி" என்றார். போகும்போது பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவின் ஊர் சித்தையன்கோட்டை. தினமும் பஸ்ஸில் வந்து போவார். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்று அவர் அம்மா ஒருமுறை சொன்னார். மரப்பொம்மை வாங்கிக் கொடுத்தால் அதற்குப் பெயர் வைக்க மாட்டாராம், பொம்மையே சொல்லட்டும் என்று நாள்கணக்கில் காத்திருப்பாராம். டீக்கடையில் எங்களுக்கு டீ சொல்லப் போனால் ஆளாளுக்கு சர்க்கரை எவ்வளவு என்று கேட்டு வந்து சொல்வார். டீ மாஸ்டர் அவரைக் கண்டாலே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

இந்தக் குணத்தால் ஒரு கல்யாணமே நின்றது. முப்பத்தைந்து வயதில் தாடிக்கொம்பிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை, பெண்ணுக்குத் தெரியாமல் பெண்ணைப் பார்த்துவிடலாம் என்று வாடிக்கையாளர் மாதிரி கடைக்கு வந்தார். நல்ல சட்டை, நல்ல சென்ட். ஏதோ ஒரு படிவம் நிரப்பச் சொன்னார். அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவர் குழைந்து, "நீங்க என்ன போட்டாலும் எனக்குச் சம்மதம்" என்றார். அக்கா படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் வீட்டில் மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்ததும் அம்மாவிடம், வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்தாராம். தன் கட்டத்தையே அடுத்தவர் நிரப்பட்டும் என்று விடுகிற ஆளோடு குடும்பம் நடத்தினால், காலம் முழுக்க எல்லாக் கட்டத்தையும் நான்தான் நிரப்ப வேண்டியிருக்கும் என்று எங்களிடம் காரணம் சொன்னார்.

எங்களிடம் என்றால், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திடம்.

அக்கா கடை வைப்பதற்கு முன்பு மூன்று வருடம் பெங்களூரில் ஒரு கேம் கம்பெனியில் இருந்தவர். விளையாட்டுகளை விளையாடிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. அங்கிருந்து இருபது முகம் உள்ள பகடை ஒன்றை ஊருக்குக் கொண்டு வந்திருந்தார். ஞாயிறு மதியம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வீணான ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தில் கரும்பாறை நாடு என்று ஒரு நாட்டின் வரைபடத்தை விரிப்பார். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாக ஆக வேண்டும். அக்கா கதையைச் சொல்லிக்கொண்டே வருவார். ஆற்றங்கரை வந்துவிட்டது, பாலம் இல்லை, என்ன செய்யப் போகிறீர்கள் என்பார். நாங்கள் செய்வதைச் சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும், பெரிய எண் விழுந்தால் பலித்தது. வளர்ந்தவர்கள் நான்கு பேர் இதற்காக ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்தோம்.

நான் வில்லாளி ஆனேன். பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்த கௌசல்யா ஆண் சித்தராக வந்தார். அக்கா காரணம் கேட்கவில்லை, நான்தான் கேட்டேன். "வாரத்துல ஆறு நாள் பொம்பளையா இருக்கேன். ஞாயித்துக்கெழமையும் இருக்கணுமா?" என்றார். பள்ளியில் விளையாட்டு ஆசிரியரான சேவியர் சார் தளபதி. மினி பஸ் ஓட்டும் முருகேசன்தான் கடைசி. ஆறடி உயரம், வெயிலில் கறுத்த கை, புருவத்தை விட அடர்த்தியான மீசை. அக்கா பேனாவை எடுத்துக்கொண்டு, ஆணா பெண்ணா என்றதும் முருகேசன், "பொண்ணு. பேரு வெண்ணிலா. திருடி" என்றார்.

அக்கா எழுதிக்கொண்டார். சேவியர் சார் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

ஆம்பளை ஆம்பளையாக ஆடுவதுதான் முறை என்பது அவருடைய வாதம். கௌசல்யா ஆணாக வந்ததற்கு வாய் திறக்காதவர் முருகேசனுக்கு மட்டும் ஏன் குதிக்கிறார் என்று கௌசல்யா கேட்டார். அது வேற, இது வேற என்றார் சார். எப்படி வேறு என்பதை அடுத்த நான்கு வாரமும் விளக்கினார், யாருக்கும் புரியவில்லை. வெண்ணிலாவை அவன் என்றுதான் சொல்வார். வெண்ணிலா மதில் ஏறினால், "அவன் ஏறிட்டான்" என்பார்.

கௌசல்யாவுக்கு வேறு புகார் இருந்தது. முருகேசனின் வெண்ணிலா எந்நேரமும் தலை வாரிக்கொண்டும் வெட்கப்பட்டுக்கொண்டும் இருந்தாள். கோட்டைச் சுவரில் கன்னம் வைத்து உள்ளே இறங்கியவள், அங்கே கண்ணாடி இருக்கிறதா என்று கேட்டாள். பொண்ணுன்னா உங்களுக்கு இம்புட்டுதானா அண்ணே என்று கௌசல்யா கேட்டபோது முருகேசனுக்குக் காது சிவந்தது. அதற்குப் பிறகு வெண்ணிலா தலை வாருவதை விட்டாள். பூட்டைத் திறக்கக் கற்றுக்கொண்டாள்.

இந்தச் சண்டை எதிலும் அக்கா தீர்ப்புச் சொல்லவில்லை. பெங்களூரில் அவருடைய கம்பெனிக்கு இதைப் பற்றியே மூட்டை மூட்டையாகக் கடிதம் வருமாம். வாள் நாற்பது வகை, மூக்கு இருபது வகை வைத்திருக்கிறீர்கள், யாரைக் காதலிப்பது என்பதில் மட்டும் ஆணுக்குப் பெண் என்று ஒரே வழியா என்று ஒரு கூட்டம் திட்டுமாம். இன்னொரு வழியும் வைத்ததும், எங்கள் பிள்ளைகள் விளையாடுவதில் இதையெல்லாம் ஏன் வைத்தீர்கள் என்று வேறொரு கூட்டம் திட்டுமாம். எல்லாவற்றையும் படித்துப் பிரிப்பது அக்காவின் வேலை. யார் சொன்னது சரி என்று கேட்டேன். நான் படிச்சேன், பிரிச்சேன், அம்புட்டுதான் என்றார்.

அவருடைய இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் முழு உண்மை ஆகாது. துபாயில் வேலை ஒன்று வந்தபோது, போகவா வேண்டாமா என்று அவரிடம் போய் நின்றேன். என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத நேரம். யாராவது ஒருவர் முடிவு சொன்னால் போதும் என்று இருந்தது. அக்கா வேலையின் விவரமெல்லாம் கேட்டார், அம்மாவைப் பற்றிக் கேட்டார், கடைசியில், "நீங்களே சொல்லுங்க தம்பி" என்றார். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. நான் துபாய் போகவில்லை. அது சரிதானா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பெரிய சண்டை, நெசவாளி மகளால் வந்தது.

கதையில் வீரர்கள் துரத்த, வெண்ணிலா ஒரு நெசவாளி வீட்டில் ஒளிந்தாள். அந்த வீட்டுப் பெண் சோறு போட்டாள், காயத்துக்குக் கட்டுப் போட்டாள். விடிந்தது. வடக்கே மலை, தெற்கே ஆறு, என்ன செய்யப் போறீங்க என்று அக்கா கேட்டார். முருகேசன் மீசையைத் தடவிக்கொண்டு, எங்கேயும் போகவில்லை, இந்தப் பெண்ணோடு இருந்துவிடலாம் என்று வெண்ணிலா நினைக்கிறாள் என்றார். இருக்கிறது என்றால், கல்யாணம் கட்டிக்கொண்டு.

சேவியர் சார் எழுந்தேவிட்டார். கௌசல்யா அவரை உட்காரச் சொல்லிவிட்டு முருகேசனைப் பிடித்துக்கொண்டார். அவளைப் பிடித்திருப்பது வெண்ணிலாவுக்கா, மினி பஸ் டிரைவருக்கா? வெண்ணிலாவுக்குத்தான் என்றால், ஏன்?

முருகேசன் மீசையிலிருந்து கையை எடுத்தார். பிறகு சொன்னார்: "வழியில பாத்தவம் பூரா எங்க போற, எங்க போறன்னுதான் கேட்டான். இந்தப் புள்ள மட்டும்தான் சாப்டியான்னு கேட்டுச்சு."

சேவியர் சார் அக்காவிடம் திரும்பினார். இது குடும்பத்து ஆட்கள் வருகிற இடம், இதை அனுமதிக்கிறீர்களா இல்லையா, இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார்.

அக்கா வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானோ நீங்களோ என்ன சார் சொல்றது? அந்த நெசவாளி மகளையில்ல கேக்கணும்" என்று பகடையை எடுத்து உருட்டினார். பகடை நகல் இயந்திரம் வரைக்கும் ஓடி நின்றது. நாங்கள் நான்கு பேரும் எழுந்து போய்க் குனிந்து பார்த்தோம். பத்தொன்பது.

"அவளுக்குச் சம்மதமாம்" என்றார் அக்கா.

சேவியர் சார் ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியேறினார். கோபத்தில் குனிந்தது போதவில்லை, தலையில் இடித்துக்கொண்டார். அதற்கும் யாரும் சிரிக்கவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் வரவில்லை. தளபதி இல்லாமல் நாங்கள் இரண்டு போரில் தோற்றோம்.

மூன்றாவது ஞாயிறு முருகேசனின் மனைவி வளர்மதி வந்தார். கையில் முருகேசன் பஸ்ஸில் வைத்திருக்கும் நோட்டுப் புத்தகம். அதில் நெசவாளி மகளுக்கு ஒரு காதல் கடிதம் இருந்தது. நான்கு பக்கம். முடிவில், இப்படிக்கு உன் வெண்ணிலா. வேறொருத்தி எழுதியது என்றால் வளர்மதிக்குச் சண்டை போடத் தெரியும். எழுத்து புருஷனுடையதாக இருந்ததுதான் அவரைக் குழப்பிவிட்டது.

"யாரு இந்த வெண்ணிலா?" என்றார்.

முருகேசன் நகல் இயந்திரத்துக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். அந்த உடம்புக்கு அங்கே இடம் போதவில்லை. அக்கா அவரைக் கைகாட்டி, "இவருதான்" என்றார். பிறகு வளர்மதியை உட்காரவைத்து, விளையாட்டை முதலிலிருந்து விளக்கினார். வளர்மதி ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறடிப் புருஷன் நெசவாளி மகளுக்குத் தறி ஓட்ட உதவுவதைப் பார்த்தார். பிறகு, நானும் வரலாமா என்றார்.

"யாரா வர்றீங்க?"

"ஆம்பளையா. பாதையில தடுப்பு போட்டுக்கிட்டு ஒக்காந்திருப்பானே, போறவ வர்றவள விசாரிக்கிறவன். அவனா."

வரைபடத்தில் அப்படி ஒரு காவல்காரன் இல்லை. அக்கா உடனே ஒரு கோடு போட்டு வழியை அடைத்து, பக்கத்தில் ஒரு கூரையும் வரைந்தார். வெண்ணிலா அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

"எங்க போற?" என்றார் வளர்மதி. குரலைக் கனமாக்கக்கூட இல்லை. தன் குரலிலேயே கேட்டார்.

"சந்தைக்கு" என்றார் முருகேசன்.

"சந்தை நேத்தே முடிஞ்சிருச்சே. யாரப் பாக்கப் போற? தலையில பூ யாரு வாங்கிக் குடுத்தது? அங்கிட்டு சிரிச்சுக்கிட்டே வந்தியே, யாருகிட்ட சிரிச்ச?"

முருகேசன் பதில் சொல்லச் சொல்ல, பதிலிலிருந்தே அடுத்த கேள்வி பிறந்தது. எனக்கும் கௌசல்யாவுக்கும் கொஞ்ச நேரத்தில் விளங்கிவிட்டது, இவை யாருடைய கேள்விகள் என்று. அந்த வீட்டில் இவற்றைக் கேட்கிறவர் முருகேசன், பதில் சொல்கிறவர் வளர்மதி. ஏழு கோட்டை ஏறிக் குதித்த திருடி, ஒரு மூங்கில் தடுப்புக்கு முன்னால் வியர்த்துப்போய் நின்றாள். என்ன செய்யப் போறீங்க என்று அக்கா கேட்டார். ஒண்ணும் தோணலக்கா என்றார் முருகேசன்.

அப்போது ஷட்டருக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. "இடுப்புல கத்தி இருக்குல்ல? அவள எடுக்கச் சொல்லுய்யா."

சேவியர் சார். வினாத்தாள் நகல் எடுக்க வந்தாராம். ஞாயிற்றுக்கிழமை. எவ்வளவு நேரமாக நின்றாரோ, வேட்டியில் சுவரின் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அவள் என்று சொன்னதை அவர் கவனிக்கவில்லை. நாங்கள் கவனித்தோம்.

"கத்தி வேணாம் சார்" என்றார் முருகேசன். காவல்காரனை நிமிர்ந்து பார்த்தார். "வேலைக்குப் போறேன். சாயங்காலம் வந்துருவேன். யாருகிட்டயும் சொல்லிட்டுப் போகணும்னு இல்ல. இருந்தாலும் சொல்றேன்."

வளர்மதி, "சரி, போ" என்று தடுப்பைத் தூக்குகிற மாதிரி கையைத் தூக்கினார்.

பகடை உருட்டாமல் எப்படித் தூக்கலாம் என்று சேவியர் சார் உள்ளே வந்து சண்டைக்கு நின்றார். காவல்காரனும் திருடியும், ஆணும் பெண்ணும், அதுவும் சொந்தப் புருஷன் பொண்டாட்டி, இப்போ உங்களுக்கு என்ன சார் ஆட்சேபனை என்று கௌசல்யா கேட்டார். சார் விரல் விட்டு யோசித்தார். ஆண் பெண், பெண் ஆண் என்று இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார்.

வளர்மதி அடுத்த மாதம் தாடிக்கொம்பில் ஒரு மழலையர் பள்ளியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தார். ஒரு வருடமாக வேண்டாம் என்று முருகேசன் தடுத்து வைத்திருந்த வேலை. காலையில் அவர் ஏறிப் போனது புருஷனின் பஸ்ஸில் இல்லை, அதற்கு முந்தின பஸ்ஸில். சேவியர் சாரும் ஒருநாள் என்னிடம் தன் கதையைச் சொன்னார். பதினைந்து வயதில் கோயில் திருவிழா நாடகத்தில் அவருக்குப் பெண் வேடம் போட்டிருக்கிறார்கள். யாரும் அவரைக் கேட்கவில்லை, முடி சுருட்டையாக இருந்தது, போட்டுவிட்டார்கள். பள்ளி முடிகிற வரைக்கும் அந்தப் பெயரால்தான் கூப்பிட்டார்களாம். என்ன பெயர் என்று கேட்டேன். முறைத்தார்.

பிறகு அக்காவுக்குப் பெங்களூரிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. போகிறேன் என்று அவரே முடிவு செய்துகொண்டு எங்களிடம் சொன்னார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. போனில் பேசுவதும் மெல்ல நின்றுவிட்டது. ஆனால் கடைசி ஞாயிறு நன்றாக நினைவிருக்கிறது.

அன்று அக்காவை விளையாட வைப்பது என்று தீர்மானித்தோம். கதை சொல்ல சேவியர் சார் ஒத்துக்கொண்டார். கழுத்தில் விசிலோடு வந்து, ஊதித்தான் ஆட்டத்தைத் தொடங்கினார். பேனாவை எடுத்து, "ஆணா, பெண்ணா?" என்று கேட்டபோது, அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை. தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், நீங்களே ஏதாவது சொல்லுங்களேன் என்றார். நாங்கள் ஐந்து பேரும் மூன்று வருடக் கடனைத் தீர்க்கிற மாதிரி வாயை இறுக்கி மூடிக்கொண்டோம். அரை மணி நேரம் ஆனது.

"ஆம்பள" என்றார் கடைசியில். "அறுவது வயசு. ஊர்த்தலைவரு. யாரையும் எதையும் கேக்க மாட்டாரு."

முருகேசனின் துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். போட்டதும் குரலே மாறிவிட்டது. வில்லாளி வில்லை விற்றுவிட்டு மாடு வாங்க வேண்டும் என்றார். சித்தர் ஜடையை வெட்ட வேண்டும் என்றார். காவல்காரனுக்கு வளர்மதி வாய் திறக்குமுன் கல்யாணத்துக்கு நாள் குறித்தார். எதற்கும் காரணம் சொல்லவில்லை. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. வெண்ணிலாவைப் பார்த்து, "நீ நாளையிலருந்து ஆம்பள" என்றார்.

"அதெப்படி? அத அவதானே சொல்லணும்" என்று சேவியர் சார் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"நீ யாருடா என்னையக் கேள்வி கேக்க?" என்றார் அக்கா.

ஆட்டம் நீண்டதில் சித்தையன்கோட்டை பஸ் போய்விட்டது. முருகேசன் தன் மினி பஸ்ஸிலேயே கொண்டு விடுவதாகச் சொன்னார். நாங்கள் எல்லோரும் சந்து முனை வரை போனோம். அக்கா துண்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. முதல் சீட்டில் ஏறி, இரண்டு ஆள் இடத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, எங்களிடம் போய் வரட்டுமா என்றுகூடக் கேட்காமல், டிரைவர் முதுகைப் பார்த்துச் சொன்னார்:

"ஏலே, வண்டிய எடு."

முருகேசன் எடுத்தார்.